மகளின் உடம்புக்கு ஏற்றபடி ஏர் ரைஃபிள் கட்டையைத் திருத்துவது எப்படி?

கோத்தகிரியில் வசிக்கும் ஒரு தந்தை கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலைத் தொடங்குகிறேன். அவருடைய மகளுக்கு 14 வயது. உயரம் 148 செ.மீ. பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சிக்குச் செல்கிறாள். உறவினர் ஒருவர் பல ஆண்டுகள் பயன்படுத்திய பழைய ஜெர்மன் மேட்ச் ரைஃபிள் (போட்டிக்கென்றே செய்தது) ஒன்றை அவளுக்குக் கொடுத்திருக்கிறார். பக்கவாட்டில் நெம்புகோல் உள்ளது, வால்நட் மரக்கட்டை. அரை மணி நேரம் நின்று சுட்டால் கழுத்தும் இடது இடுப்பும் வலிக்கின்றன. கன்னமும் கட்டையில் நிலையாகப் படிவதில்லை. ‘கட்டை நீளமாக இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன், பின்புறம் இரண்டு அங்குலம் அறுத்துவிடலாமா, ரம்பமும் அரமும் வீட்டிலேயே இருக்கின்றன’ என்பது அவர் கேள்வி.

அறுக்கலாம். ஆனால் இன்றைக்கே அறுக்க வேண்டாம், இரண்டு அங்குலமும் வேண்டாம். நான் குன்னூரில் மரவேலை செய்பவன். இளம் வயதில் நானும் பத்து மீட்டர் சுட்டவன் என்பதால், பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளின் ரைஃபிள் கட்டைகள் அவ்வப்போது என் பட்டறைக்கு வரும். அவற்றில் பாதிக்கு மேல் யாரோ அவசரப்பட்டு அறுத்துவிட்டு, பிறகு ஒட்டித் தரச் சொல்லிக் கொண்டுவருபவை. மூன்று தொல்லைகளுக்கும் ஒரே காரணம் என்று நீங்கள் முடிவு செய்திருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் காரணங்கள் மூன்று இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குத்தான் ரம்பம் தேவை.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கும் முகவாய் ஆற்றல் (குண்டு குழலை விட்டு வெளியேறும்போது அதற்கு இருக்கும் ஆற்றல்) 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. பத்து மீட்டர் மேட்ச் ரைஃபிள்களின் ஆற்றல் 10 ஜூலையே எட்டாது. எனவே இதன் கட்டையில் நீங்களே கை வைக்கலாம். எஸ்டேட் பங்களாக்களிலும் பழைய குடும்பங்களிலும் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் இரட்டைக் குழல் துப்பாக்கிகள் இந்தக் கணக்கில் சேராதவை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், பழுதுபார்ப்பதற்கும் உரிமம் கேட்கிறது. அப்படிப்பட்ட துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைத் தகுந்த உரிமம் உள்ள துப்பாக்கிக் கடையில்தான் கொடுக்க வேண்டும்; வீட்டிலோ என் போன்ற தச்சரிடமோ கொடுத்துத் திருத்தக் கூடாது.

இனி வலிகளுக்கு வருவோம். இடது இடுப்பு வலிப்பதற்கும் கட்டையின் நீளத்துக்கும் நேரடித் தொடர்பு மிகக் குறைவு. பத்து மீட்டரில் நின்று சுடுபவர், இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி, அந்தக் கையின் மேல் ரைஃபிளை வைத்துத் தாங்குகிறார். முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை உள்ள எலும்பின் நீளம்தான் ரைஃபிள் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. முழுதாக வளர்ந்த ஆண் ஒருவருக்காகச் செய்த கட்டை, 148 செ.மீ. உயரமுள்ள பெண்ணின் கையில் அமரும்போது, பீப் சைட் (கண்ணருகே இருக்கும், சிறு துளை வழியே குறிபார்க்கும் கருவி) அவள் கண்ணுக்குக் கீழே நின்றுவிடும். அதை எட்டுவதற்குத் தலையைக் குனிவாள், அல்லது இடுப்பை முன்னுக்குத் தள்ளி முதுகை அளவுக்கு மீறிப் பின்னால் வளைப்பாள். முதலாவது கழுத்து வலியாகிறது. இரண்டாவது இடுப்பு வலியாகிறது. பின்கட்டையில் எத்தனை அங்குலம் அறுத்தாலும் இந்த உயரக் குறை அப்படியேதான் இருக்கும்.

இதற்குச் செய்ய வேண்டியது முன்கட்டையின் அடியில், இடது உள்ளங்கை தாங்கும் இடத்தில், ஒரு மரத்துண்டைச் சேர்ப்பது. இதை ரைசர் பிளாக் என்பார்கள். பழைய மேட்ச் ரைஃபிள்கள் பலவற்றின் முன்கட்டையில் இதற்கென்றே ஒரு உலோகத் தண்டவாளம் பதித்திருப்பார்கள். உங்கள் ரைஃபிளில் இருக்கிறதா என்று கவிழ்த்துப் பாருங்கள். இருந்தால் கட்டையைத் தொடாமலே வேலை முடியும். இல்லையென்றால் 20, 30, 40 மி.மீ. தடிமனில் மூன்று துண்டுகள் செய்து, ஒவ்வொன்றையும் துணி டேப்பால் சுற்றிக் கட்டி, ஒரு வாரம் வீதம் பழகிப் பார்க்கச் சொல்லுங்கள். போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால், முன்கட்டையின் மொத்த ஆழத்துக்கு விதிப்புத்தகத்தில் வரம்பு உண்டு என்பதால், துண்டின் அளவைப் பயிற்சியாளரிடம் காட்டிவிடுவது நல்லது. எடையையும் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். போட்டி விதி 5.5 கிலோ வரை அனுமதிக்கிறது என்பதற்காக, 14 வயதுப் பெண் ஐந்து கிலோவைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதில்லை. குழலின் மேல் எடைக்காக மாட்டிய உறை ஏதாவது இருந்தால், கழற்ற முடிகிற பட்சத்தில் இப்போதைக்குக் கழற்றி வையுங்கள்.

அடுத்தது கன்னம். பத்து மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். அதில் திரும்பத் திரும்பச் சுட வேண்டுமென்றால், ஒவ்வொரு முறையும் கண் பீப் சைட்டின் துளைக்குப் பின்னால் அதே இடத்துக்கு வந்தாக வேண்டும். அப்படிக் கொண்டுவருவது கழுத்தின் பலம் அல்ல. கன்ன எலும்பு கட்டையில் போய் உட்காரும் இடம். கட்டையின் மேல்விளிம்பு தாழ்வாக இருந்தால் தலை தாங்கலின்றித் தொங்கும். ஓரிரு நிமிடங்களுக்குத் தெரியாது. இருபதாவது குண்டுக்குள் கழுத்துத் தசை களைத்துப்போகும். உங்கள் மகளுக்கு நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. ரைஃபிளில் பெல்லட் (குண்டு) இல்லை, நெம்புகோல் இழுக்கப்படவில்லை என்பதை நீங்களே பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு மகளைப் பயிற்சிக்குப் போடும் ஜாக்கெட்டுடன் நிற்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தூக்கி, கழுத்து நிமிர்ந்த நிலையில் கன்னத்தைக் கட்டையில் இயல்பாக வைக்கச் சொல்லுங்கள். இரண்டு மூச்சு விட்டபின் கண்ணைத் திறந்து, தலையை அசைக்காமல், என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும். முன் சைட்டின் வளையம் பீப் துளையின் நடுவே தெரிந்தால் உயரம் சரி. துளைக்குக் கீழே கண் போய்விட்டதென்றால் கட்டையை உயர்த்த வேண்டும். இடதுபுறமாகவோ வலதுபுறமாகவோ விலகித் தெரிந்தால் சிக்கல் உயரத்தில் அல்ல, தடிமனில். இதைப் பத்துத் தடவை செய்து ஒவ்வொன்றையும் எழுதி வையுங்கள். ஒருமுறை செய்து முடிவு கட்டாதீர்கள். புதிதாகப் பழகும் பிள்ளைகளின் கன்னம் முதல் நாலைந்து தடவை ஒவ்வோர் இடத்தில் உட்காரும்.

தடிமன் விஷயத்தில் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்வதை இங்கே சொல்லிவிட வேண்டும். வலது தோளில் வைத்துச் சுடுபவரின் வலது கன்னம் கட்டையின் இடது பக்கத்தில் படிகிறது. சதைப்பிடிப்பான, அகன்ற கன்னம் உள்ளவருக்குக் கண்மணி கட்டையிலிருந்து இடதுபக்கம் தள்ளி நின்றுவிடும். அவருக்குத்தான் அந்தப் பக்கத்து மரத்தைக் குறைக்க வேண்டும். ஒடுங்கிய முகம் உள்ள சிறுமிக்கு மரத்தைக் கூட்ட வேண்டும். சின்ன முகம் ஆயிற்றே, கட்டையையும் சின்னதாக்குவோம் என்று அன்பு மிகுதியால் அந்தப் பக்கத்தை ராவித் தள்ளிவிட்டுக் கொண்டுவந்த கட்டைகளைப் பார்த்திருக்கிறேன். பார்க்க அழகாகத்தான் இருக்கும். கண் சைட்டைத் தாண்டி வலதுபக்கம் போயிருக்கும்.

எனவே கன்னத்துக்கு வேண்டியதைச் சேர்த்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். நோட்டு அட்டையைக் கட்டையின் மேல்விளிம்பு அகலத்துக்கு வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலே யோகா விரிப்பிலிருந்து வெட்டிய மெல்லிய துண்டு ஒன்றைப் போர்த்தி, காகித டேப்பால் சுற்றிவிடுங்கள். ஒருநாளைக்கு ஓர் அட்டை வீதம் கூட்டுங்கள். நாலைந்து நாளில், ‘இது போதும், இன்னொன்று வேண்டாம்’ என்று பெண்ணே சொல்லிவிடுவாள். அந்த உயரத்தில் குறைந்தது மூன்று வாரம் சுடட்டும். அதற்குப் பிறகும் அவள் மாற்றச் சொல்லவில்லையென்றால், டேப்பைப் பிரித்து அட்டைகளை அடுக்கி வெர்னியர் அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். எந்த வல்லுநரின் கணக்கையும்விட உங்கள் மகளின் முகத்துக்கு இதுவே நெருக்கமான அளவு.

நிரந்தரமாக உயர்த்த இரண்டு வழிகள் இருக்கின்றன. கன்னம் படியும் மேட்டைத் தனியாக அறுத்தெடுத்து, இரண்டு எஃகுத் தண்டுகளின் மேல் ஏற்றி இறக்கும்படி செய்வது ஒன்று. வளரும் பிள்ளைக்கு இதுவே சிறந்தது. ஆனால் துல்லியம் வேண்டும் வேலை. தண்டுகளுக்கான துளைகளை மேட்டை அறுப்பதற்கு முன்பே, கட்டை முழுதாக இருக்கும்போதே, நிலையான டிரில்லிங் மெஷினில் வைத்து மேலிருந்து போட்டுவிட வேண்டும். அறுத்த பிறகு இரண்டு துண்டிலும் தனித்தனியாகத் துளையிட்டால், கால் மில்லிமீட்டர் கோணல் இருந்தாலும் தண்டு சிக்கிக்கொள்ளும். கை டிரில்லால் இதை முயலவே வேண்டாம். அந்த வசதி இல்லாதவர்கள் இரண்டாவது வழியாக, அளவுக்கேற்பச் செதுக்கிய மரத்துண்டை மேலே பொருத்தி, இரண்டு திருகாணிகளால் பிடித்துவிடலாம். அதை ஒட்டிவிட வேண்டாம். அடுத்த ஆண்டு அவள் முகமும் கழுத்தும் மாறும்.

இரண்டிலும் ஓர் எச்சரிக்கை. இந்த வகைப் பழைய ரைஃபிள்கள் சிலவற்றில், ஃபைன்வெர்க்பாவ் 300 வரிசை போன்றவற்றில், சுடும் நேரத்தில் குழலும் மேற்பாகமும் சேர்ந்து பட்டைகளின் மேல் சில மில்லிமீட்டர் பின்னோக்கி வழுக்கி உதைப்பைத் தாமே வாங்கிக்கொள்ளும். நீங்கள் உயர்த்திய மரத்துண்டின் முன்முனை அந்த வழியில் நீட்டிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு குண்டுக்கும் இரும்பு வந்து மரத்தில் இடிக்கும். ரைஃபிளின் துல்லியமும் போகும், கன்னத்துக்கும் அடி விழும். உங்களுடையது அந்த வகையா என்று அதைக் கொடுத்த உறவினரிடம் கேட்டுக்கொண்டு, முன்முனைக்கும் இரும்புக்கும் இடையே தாராளமாக இடைவெளி விடுங்கள்.

இப்போது நீளம். டிரிகரின் முன்முகத்திலிருந்து பின்கட்டையின் கடைசி முகத்தின் நடுப்பகுதி வரை உள்ள தூரத்தைத்தான் கட்டையின் நீளம் என்கிறோம். முழங்கையை மடக்கி, மடிப்பில் பின்கட்டையை வைத்து, விரல் டிரிகரை எட்டுகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கம் கடையில் துப்பாக்கி வாங்கும்போது ஒரு தோராயத்துக்கு உதவும்; அறுக்கும் அளவை அதிலிருந்து எடுக்கக் கூடாது. அவள் நின்று சுடும் நிலையில், தோள் முன்னுக்கு இழுபடாமல், தலை முன்னுக்கு நீளாமல், சுட்டுவிரலின் முதல் கணுச் சதை டிரிகரில் நேராக அமர்கிறதா என்பதுதான் கேள்வி. பயிற்சியின்போது வலது பக்கத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள். முதல் படத்தையும் ஆறாவது படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தலை எவ்வளவு முன்னால் நகர்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

நம் மலைக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. கோத்தகிரியில் மார்கழி, தை மாதக் காலைகளில் எந்தப் பிள்ளையும் ஸ்வெட்டர் இல்லாமல் பயிற்சிக்கு வராது. ஜாக்கெட்டுக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டர் போட்டால், தோளில் ஆறேழு மில்லிமீட்டர் கூடிவிடும். அந்த அளவுக்குக் கட்டை நீளமானது போலாகும். சித்திரையில் அளந்து அறுத்தவர்கள் மார்கழியில் வந்து ‘நீளமாகிவிட்டது’ என்று சொல்வார்கள். ஆகவே குளிர்கால உடுப்பில் அளந்து அறுங்கள். வெயில் காலத்துக்குக் கட்டைக்கும் அதன் பின்முனைத் தகட்டுக்கும் இடையில் மெல்லிய ஸ்பேசர் (இடைத்துண்டு) ஒன்றை வைத்துக்கொள்ளலாம். சமவெளியில் நடக்கும் போட்டிக்கு இறங்கும்போதும் அந்த ஸ்பேசர் கையில் இருக்க வேண்டும்.

கணக்கை ஓர் எடுத்துக்காட்டில் காட்டுகிறேன். இப்போதைய நீளம் 350 மி.மீ., அதில் பிளாஸ்டிக் பட் பிளேட் (தோளில் படும் பின்முனைத் தகடு) 8 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மரம் மட்டும் 342. மகளுக்குக் குளிர்கால உடுப்பில் வேண்டியது 320 என்று அளந்திருக்கிறீர்கள். புதிதாக 15 மி.மீ. ரப்பர் பேட் பொருத்தப் போகிறீர்கள். அப்படியென்றால் மரம் 305 இருக்க வேண்டும். எடுக்க வேண்டியது 37 மி.மீ. நீங்கள் நினைத்த இரண்டு அங்குலம் என்பது 51 மி.மீ. அந்த 14 மி.மீ. வித்தியாசம், கையில் எடுத்ததும் ரைஃபிள் நெஞ்சில் வந்து முட்டுவது போல் ஆக்கிவிடும். 37-ஐயும் ஒரே வெட்டாக எடுக்காமல் 35-இல் அறுத்துவிட்டு, மீதியைத் தட்டையான பலகையில் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்துக் கொண்டுவாருங்கள்.

அறுப்பதற்கு முன் பட் பிளேட்டைக் கழற்றி உள்ளே பாருங்கள். எடையைக் குறைக்க மரத்துக்குள் பெரிய துளை போட்டிருக்கலாம். திருகாணிகள் நீங்கள் கோடு போட்ட இடத்தையும் தாண்டி உள்ளே போயிருக்கலாம். இரும்புப் பாகம் முழுவதையும் கட்டையிலிருந்து பிரித்து, எண்ணெய்த் துணியில் சுற்றித் தனியே வையுங்கள். மரத்தூள் டிரிகருக்குள் போனால் அது வேறு தொல்லை. ஸ்பிரிங் இருக்கும் உருளையைத் திறக்க வேண்டிய தேவை இந்த வேலையில் எங்குமே இல்லை, திறக்காதீர்கள். வெட்டுக்கோட்டின் மேல் காகித டேப்பை இறுக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, டேப்பின் மேல் கோடு போடுங்கள். டேப் இல்லாமல் அறுத்தால் ரம்பம் வெளியேறும் பக்கத்தில் வால்நட் சிம்பு சிம்பாகப் பெயரும். பழைய முனை எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் கோடு போக வேண்டும். மேல்முனை அளவுக்கு மேல் முன்சாய்ந்தாலும் கீழ்முனை முன்சாய்ந்தாலும், பின்கட்டை தோளில் மேலேயோ கீழேயோ வழுக்கும். நுண்பல் ரம்பத்தை எடுத்துக்கொண்டு, கோட்டின் கழிவுப் பக்கத்தில், நான்கு முகத்திலும் மாறி மாறிச் சிறிது சிறிதாக அறுத்துச் சந்திக்க விடுங்கள். ஒரே பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஒரே மூச்சில் அறுத்தால் வெட்டு கோணிவிடும்.

பிடியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சின்னக் கைக்குப் பெரிய பிடி என்பது நீளத்தைவிடப் பெரிய குறை. ‘கட்டை நீளம்’ என்று பிள்ளைகள் சொல்வதில் பாதி, விரல் டிரிகரை எட்டாத சங்கடம்தான். உள்ளங்கையிலும் விரல்களிலும் சாக்பீஸ் தூளைத் தடவிக்கொண்டு, பிடியை இயல்பாகப் பிடித்து, ஒரு நிமிடம் கழித்துக் கையை எடுக்கச் சொல்லுங்கள். கருத்த வால்நட்டின் மேல் வெள்ளையாகக் கை பதிந்திருக்கும். நான் கடைசியாகச் செய்த ஒரு கட்டையில், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உள்ள கவையின் தடம் மட்டும் அழுத்தமாகத் திட்டுப்போல் விழுந்திருந்தது. உள்ளங்கையின் நடுவே மரம் கறுப்பாகவே இருந்தது. சுட்டுவிரலின் இரண்டாம் கணு, கட்டையின் பக்கவாட்டில் ஒரு தீற்றலாக இழுபட்டிருந்தது. மூன்றையும் படித்தால் வேலை தெரிந்துவிடுகிறது. கவை படியும் இடத்தை இரண்டு மில்லிமீட்டர் பள்ளமாக்க வேண்டும். உள்ளங்கைக்கு மரத்தூளும் எபாக்சி பசையும் கலந்த விழுதால் சிறு மேடு சேர்க்க வேண்டும். விரல் உரசும் இடத்தை வழித்துவிட வேண்டும். விரல் கட்டையைத் தொட்டுக்கொண்டே டிரிகரை இழுத்தால், ரைஃபிள் ஒவ்வொரு தடவையும் பக்கவாட்டில் ஒரு மயிரிழை தள்ளப்படும். அரைவட்ட அரத்தை மெதுவாக ஓட்டி, பத்து இழுப்புக்கு ஒருமுறை அவள் கையில் கொடுத்து, மறுபடி தூள் தடவிப் பாருங்கள். பொறுமையாகச் செய்தால் ஒரு சனிக்கிழமை முழுவதும் இதற்கே போகும்; போகட்டும்.

பிடிக்கும் முன்கட்டைக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய பகுதிதான் கட்டையிலேயே பலவீனமான இடம். மரத்தின் ரேகை அங்கே நீளவாக்கில் ஓடுகிறதா, குறுக்கே வெளியேறுகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். குறுக்கே ஓடினால் அங்கே ஒரு மில்லிமீட்டர்கூட எடுக்காதீர்கள். இரும்புப் பாகம் உட்காரும் பள்ளத்துக்குள்ளும் அரம் போகவே கூடாது. அங்கே மரம் குறைந்தால் இரும்பு ஆடும், குண்டு போய்ச் சேரும் இடம் நாளுக்கு நாள் மாறும்.

சேர்க்கும் துண்டுகளுக்கு என்ன மரம் என்பதும் கேள்வி. வால்நட்டே கிடைத்தால் நல்லது. நம் பக்கத்தில் எளிதாகக் கிடைப்பது சில்வர் ஓக். அட்டைக்குப் பதிலாக வைத்துப் பார்க்க அது போதும், ஆனால் திருகாணியைப் பிடித்துக்கொள்ளும் பலம் போதாது. வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து இந்த மலையில் நட்ட பிளாக்வுட், துப்பாக்கிக் கட்டைக்கு மிகவும் பொருத்தமான மரம். வால்நட்டின் நிறத்தோடும் ஒத்துப்போகும். ரசீது தரும் டிப்போவில் பழைய, நன்கு காய்ந்த துண்டாகக் கேட்டு வாங்குங்கள். ஈட்டி மரத்தின் மேல் ஆசைப்பட வேண்டாம்; அது இந்த வேலைக்குத் தேவைக்கு மேல் கனமானது.

காய்ந்த துண்டு என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. ஐப்பசியில் நாள் முழுவதும் மஞ்சு வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும். அலமாரிக் கதவு மூடாது. அப்படி ஓர் ஐப்பசியில், போட்டி நெருங்கிவிட்டது என்ற அவசரத்தில், ஒரு மாணவனின் கட்டையில் கன்னத்துண்டை ஒட்டிக் கொடுத்தேன். மழை முடிந்து உறைபனிக் காலம் வந்து காற்று வறண்டதும், மாசியில் அந்தத் துண்டு ஒரு முனையில் நகக்கண் அளவுக்கு எழும்பி நின்றது. போட்டிக்கு முந்தைய வாரம் அவன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான். அந்த மரத்தில் இருந்த ஈரத்தை நான் அளந்திருக்க வேண்டும், அளக்கவில்லை. மரம் நீளவாக்கில் சுருங்குவது மிகச் சொற்பம். குறுக்குவாக்கில்தான் சுருங்கும், விரியும். அதனால் நீங்கள் அறுத்த நீளம் மாறாது. ஆனால் கன்னத்துண்டின் உயரமும் இரும்பைப் பிடிக்கும் திருகாணிகளின் இறுக்கமும் பருவத்துக்குப் பருவம் மாறும். தையிலிருந்து பங்குனிக்குள் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். துண்டுகளை அதற்கு முன் ஒரு மாதமாவது, ரைஃபிள் இருக்கும் அதே அறையில் போட்டு வையுங்கள். முதல் மழைக்காலம் முடிந்ததும் எல்லாத் திருகாணிகளையும் ஒருமுறை சரிபாருங்கள்.

மெருகுக்கு நான் ஆளிவிதை எண்ணெயைத் தவிர வேறெதையும் கன்னம் படும் இடத்தில் பூசுவதில்லை. வார்னிஷ் பளபளக்கும், ஆனால் வியர்த்தால் கன்னம் ஒட்டி இழுக்கும், குளிரில் பனிக்கட்டி போல் இருக்கும். 120, 180, 240, 320 என்று உப்புத்தாளை ஏற்றிக்கொண்டே போங்கள். 240 முடிந்ததும் ஈரத்துணியால் மரத்தைத் துடைத்து உலரவிட்டால் நுண்ணிய நார்கள் எழுந்து நிற்கும். அவற்றை 320-ஆல் தேய்த்து எடுத்துவிட்டால் பிறகு எழாது. வால்நட் தூள் மூக்கையும் தோலையும் உறுத்தும், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் முதல் பூச்சுக்கு மட்டும் டர்பன்டைன் சமபாகம் கலந்து, துணியில் தொட்டு, மெல்லிதாகத் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து மீதியைத் துடைத்துவிடுங்கள். சமவெளியில் ஒருநாளில் காயும் பூச்சு இங்கே மூன்று நாள் எடுக்கும். விரலில் பிசுபிசுப்பு இருக்கும்போது அடுத்த பூச்சுக்குப் போகாதீர்கள். நான்கைந்து பூச்சுப் போதும். அறுத்த முனையில் மரத்தின் துவாரங்கள் எல்லாம் வாய் திறந்திருக்கும்; ஈரம் அந்த வழியாகத்தான் உள்ளே போகும். ரப்பர் பேடுக்குள் மறைகிற இடம்தானே என்று விட்டுவிடாமல், அங்கே இரண்டு பூச்சு கூடுதலாகவே கொடுங்கள். இன்னொன்றை மறக்கவே கூடாது: ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கம்பியில் காயப்போட்டு, விறைப்பான பிறகு அப்புறப்படுத்துங்கள்.

ரப்பர் பேடைப் பொருத்தும்போது திருகாணிக்கு முதலில் மெல்லிய துளை போட்டு, திருகாணியின் மரைகளில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டு முடுக்குங்கள். அறுபட்ட முனையில் மரம் எளிதில் பிளக்கும்.

அறுத்தெடுத்த 35 மி.மீ. துண்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுமுகத்துக்கு இணையாக 10 மி.மீ. தடிமனில் அதை அறுத்தால் இரண்டு ஸ்பேசர்கள் கிடைக்கும். கவனமாக அறுத்தால் மூன்றாவதும் கிடைக்கலாம். குறுக்கே அறுத்த மெல்லிய துண்டு ரேகை வழியே பிளந்துபோகும் என்பதால், ஒவ்வொன்றின் பின்புறமும் 2 மி.மீ. பிளைவுட்டை எபாக்சியால் ஒட்டி, திருகாணித் துளைகளை இப்போதே போட்டு, எது முன்னால் எது பின்னால் என்று பென்சிலால் எண் எழுதி வையுங்கள். அதே கட்டையின் அதே இடத்து மரம் என்பதால் ரேகையும் நிறமும் பொருந்தும். ஓரத்தில் ஓரிரு மில்லிமீட்டர் படி தெரியலாம், அதனால் கெடுதல் இல்லை. 14 வயதுப் பெண் இன்னும் இரண்டு ஆண்டில் வளர்ந்துவிடுவாள்; புகைப்படத்தில் அவள் கை டிரிகருக்கு நெருக்கி மடங்கத் தொடங்கியதும் முதல் துண்டைத் திரும்ப மாட்டுங்கள்.